நாற்பது டிஸ்க்கும் ஒரு சராசரியும்

அப்பு,

நேற்றுக் காலை டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய், மூன்று வருடத்துக்கு முன்னால் டீச்சருக்கு நாம் செய்துகொடுத்த ஆறு பல் சேர்ந்த பிரிட்ஜ் வாயில் உட்காராமல் போனதற்கு நீ காரணமில்லை, நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பழியைத் தூக்கி உன் தலையில் வைத்தபோது நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்தக் கடிதத்தையும் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். பிரதி எடுத்து, நம் லேபுக்கு வேலை தரும் ஒவ்வொரு டாக்டருக்கும் வேலைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் இந்த விஷயம் வெளியே வந்து முடிந்துவிட வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

உனக்கே தெரியாத ஒன்று இதில் உண்டு. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், உனக்கு எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலில் இருந்து வருகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

நான் வியாபாரத்துக்கு வந்தது கஷ்டத்தால் இல்லை. உன் அப்பாவின் வாத்தியார் சம்பளம் வீட்டுக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நீ கால்சட்டையோடு திரிந்த காலத்தில், சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைத்தாரை மொத்தமாகப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பல் டாக்டர் ஒருவர் ஒரு நாள் கூப்பிட்டு, "அக்கா, தினமும் மதுரைக்குப் போறீங்களே, இந்தப் பெட்டிய அங்க லேபில குடுத்துட்டு வருவீங்களா?" என்றார். "குடுக்கலாம் டாக்டர். மடியில வச்சுக் கொண்டு போகணும்ல, அஞ்சு ரூபா ஆகும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பெட்டிக்குள் யாரோ ஒருவருடைய வாயின் அச்சு இருந்தது. காய்ந்தால் அச்சு சுருங்கி அளவு கெட்டுப்போகும் என்று மதுரை லேப்காரர் சொன்னதும், மல்லிகைப் பூவைச் சுற்றுகிற மாதிரி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோக ஆரம்பித்தேன். என் பெட்டியில் வரும் அச்சு கெடுவதில்லை என்று பேர் வந்தது. ஒரு டாக்டர் ஆறு டாக்டர் ஆனார்கள். ஆறு பெட்டி கொண்டுபோகிறவள் ஏன் மதுரைக்குப் போகவேண்டும், வேலை தெரிந்த ஆளை இங்கே கூட்டிவந்தால் என்ன என்று தோன்றியது. நம் லேப் அப்படித்தான் பிறந்தது. வாழைக்கடையின் பின்கட்டில் இரண்டு மேசை, ஒரு அடுப்பு, ஒரு மூட்டை பிளாஸ்டர்.

இதை எல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. நான் செய்த தப்பு எங்கே இருந்து வந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். வாழைக்காய் வியாபாரத்தில் சுருக்கம்தான் எல்லாம். பச்சையாக வாங்கும்போது ஒரு எடை, பழுத்து விற்கும்போது ஒரு எடை. ஒரு தோட்டத்துத் தார் அதிகம் இழக்கும், இன்னொரு தோட்டத்துத் தார் குறைவாக இழக்கும். தார் தாராக யார் பார்ப்பது? மொத்தத்துக்கும் ஒரு சராசரி போட்டு விலை சொல்லுவேன். பன்னிரண்டு வருடம் அந்தச் சராசரி என்னைக் கைவிட்டதே இல்லை.

நீ டென்டல் மெக்கானிக் படித்து முடித்து வந்து, "உலோகக் கேப்புக்கெல்லாம் காலம் போச்சும்மா, இனிமே வெள்ளை ஜிர்கோனியாதான்" என்று நச்சரித்து, அந்தப் பழைய மில்லிங் மெஷினை வாங்க வைத்தாய். கம்ப்யூட்டர் மெஷின் வாங்க வக்கில்லை, கையால் ஓட்டுவதுதான் கிடைத்தது. இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த மெஷினுக்கு இரண்டு கை. ஒரு கையில் இருக்கும் ஊசியால் பிசினில் செய்த பல்லைத் தடவிக்கொண்டே போனால், இன்னொரு கையில் சுழலும் பர் அதே வடிவத்தைச் சாக்பீஸ் போன்ற வெள்ளை ஜிர்கோனியா டிஸ்க்கில் கொஞ்சம் பெரிதாகக் குடையும். பெரிதாகக் குடைவது ஏனென்றால், அதை எட்டு மணி நேரம் சூளையில் சுட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிக் கல்லாகிவிடும். சுருங்கி வந்து நிற்கும்போது பல்லின் அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். நூற்றுக்கு எவ்வளவு பெரிதாகக் குடையவேண்டும் என்ற எண்ணை ஒவ்வொரு டிஸ்க்கின் டப்பாவிலும் ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை மெஷினில் திருகி வைத்துவிட்டுத்தான் பர் ஓட வேண்டும்.

முதல் நாள் நீ இதை விளக்கியபோது நான் பாதியிலேயே புரிந்துகொண்டேன். "சுருக்கம்தானே? எனக்கா சொல்லித் தர்ற?" என்று கேட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். அன்றைக்கே நீ கொஞ்சம் பயந்திருக்கலாம்.

மதுரையில் ஒரு லேப் மூடுகிறது என்று கேள்விப்பட்டு, அவர்களிடம் மிஞ்சிய நாற்பது டிஸ்க்கைப் பாதி விலைக்கும் கீழே அள்ளிக்கொண்டு வந்தேன். இடத்தை அடைக்கிறது என்று அவர்கள் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டு டிஸ்க்கை மட்டும் பாலிதீன் பையில் அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்று லாட் சரக்கு. எண் இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தாறு என்று அந்த ஆளுக்கு ஞாபகம் இருந்தது. எந்த டிஸ்க் எந்த லாட் என்றுதான் தெரியவில்லை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது.

"மூணையும் கூட்டி மூணால வகுடா. இருபத்துநாலு சொச்சம் வருது. அதையே எல்லாத்துக்கும் வையி."

"அம்மா, இது வாழைக்கா இல்லம்மா."

"ஏலே, வாழைக்கா வித்த காசுலதான் இந்த மெஷினே வந்துச்சு."

"ஒவ்வொரு டிஸ்க்லயும் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, அடையாளம் போட்டு, நாப்பதையும் ஒரே சூட்டுல சுட்டு அளந்து பாத்துருவோம். எது எந்த லாட்டுன்னு தெரிஞ்சிரும். ஒரு நாள் வேலைம்மா."

"ஒரு நாள் பூரா அடுப்பு சும்மா எரியவா? கரண்டு பில்லு உங்க அப்பாவா கட்டுவாரு?"

அவ்வளவுதான் நடந்தது, அப்பு. ஒரு நாள் அடுப்பை மிச்சம் பிடித்தேன். நீ அதற்கு மேல் வாதாடவில்லை. உன்னை அப்படி வளர்த்ததும் நான்தான். எதிர்த்துப் பேசும் பிள்ளையை எனக்குப் பிடிக்காது என்று சின்ன வயதிலேயே உனக்குக் காட்டி வைத்திருந்தேன். நாளை உனக்குப் பிள்ளை பிறந்து அது உன்னோடு வாதாடினால், உட்கார்ந்து கேள். வாதாடத் தெரியாத பிள்ளை பிறகு வெளியிலும் வாதாடாது.

முதல் பதினொரு கேப்பும் போய் உட்கார்ந்துவிட்டன. ஒற்றைப் பல் சின்னது. அதில் வரும் வித்தியாசம் மயிரிழைதான். டாக்டர்கள் உள்பக்கம் கொஞ்சம் தேய்த்தோ, சிமென்டைக் கூடக் கொஞ்சம் வைத்தோ ஒப்பேற்றிக்கொண்டார்கள். ஒவ்வொன்று போகும்போதும் நான் உன்னைப் பார்த்து, "என்ன மெக்கானிக் சார், வாழைக்கா உக்காந்துருச்சா?" என்று கேலி பேசினேன். பெரிய படிப்பைத் தோற்கடித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

அப்புறம் டீச்சரின் வேலை வந்தது. தாடிக்கொம்புப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். மேல்வரிசையில் முன்பற்கள் ஆறு. மகளின் நிச்சயதார்த்தத்துக்குள் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒற்றைப் பல்லில் மறைந்துபோகிற மயிரிழை, ஆறு பல் நீளத்தில் அரை மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். சூளையிலிருந்து எடுத்துப் பிளாஸ்டர் மாடலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு முனை உக்காந்தா மறு முனை தூக்குதும்மா. இது இருபத்தாறு லாட்டு போல. நம்பர் தெரிஞ்ச டிஸ்க் ஒண்ணு வாங்கி, வேற வெட்டுறேன்" என்று சொன்னாய். டிஸ்க் வாங்க மதுரைக்குக் கிளம்பிப் போனாய்.

இனிமேல் உனக்குத் தெரியாதது. நீ போன பிறகு உன் மேசையில் உட்கார்ந்து அந்த மாடலை எடுத்தேன். உன் கத்தியாலேயே கடைசிப் பல்லின் பிளாஸ்டர் கட்டையை உள்பக்கமாக ஒரு சுரண்டு சுரண்டினேன். பிரிட்ஜை வைத்தேன், தூக்கியது. இன்னும் ஒரு சுரண்டு. உட்கார்ந்துவிட்டது. தூளை ஊதிவிட்டு, சுரண்டிய இடத்தை ஈர விரலால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பாதி வழியில் உனக்குப் போன் போட்டு, "திரும்பி வா, நீ சரியா வைக்கல, எனக்கு உக்காருதே" என்றேன். நீ கொடைரோட்டில் இறங்கித் திரும்பி வந்தாய். வைத்துப் பார்த்தாய், உட்கார்ந்தது. எடுத்தாய், மறுபடி வைத்தாய், மறுபடியும் உட்கார்ந்தது. "காலையில தூக்குச்சேம்மா" என்று சொல்லிவிட்டு உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான், "காலையில சாப்பிடாம வேலை பாத்தா அப்படித்தான்" என்றேன். நீ அதை நம்பி மேலே பீங்கான் ஏற்றினாய். அவ்வளவு அழகாக ஏற்றினாய். டீச்சரின் பழைய போட்டோவை வைத்துக்கொண்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியைக் கூட விடாமல் கொண்டுவந்திருந்தாய்.

கிளினிக்கில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் ஏன் எழுதுகிறேன் என்றால், என் வாயால் அது வரவேண்டும். டாக்டரம்மா பிரிட்ஜை டீச்சர் வாயில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், வைத்தார். பிரிட்ஜுக்காக டாக்டரம்மா தேய்த்துச் சிறிதாக்கியிருந்த பற்களை டீச்சர் கையால் மூடிக்கொண்டு கண் கலங்கிச் சாய்ந்திருந்தார். அவர் புருஷன் வாசலில், கம்பவுண்டர் பக்கத்தில். டாக்டரம்மா கேட்டார், "ஏனுங்க அக்கா, மாடல்ல வச்சுப் பாக்காமயே அனுப்பிட்டீங்களா?" நீ மெதுவாக, "மாடல்ல உக்காந்துச்சுங்க டாக்டர்" என்றாய். அந்த நேரத்தில் நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கத்தான் செய்தேன். "பையன் அவசரத்துல சரியாப் பாக்காம விட்டுட்டான் டாக்டர். புதுசுல்ல. இனிமே நான் கூடவே நின்னு பாக்க வைக்கிறேன்."

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் வேற செஞ்சு தாரேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாய். நம்பர் ஒட்டிய டிஸ்க்கில், நான்கு நாளில், டாக்டரம்மா புதிதாக எடுத்த அச்சை வைத்து, வேறு வெட்டிக் கொடுத்தாய். அது உட்கார்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு டீச்சர் வாயை மூடாமல் சிரித்தாராம். ஆனால் அது யார் காதிலும் விழவில்லை. 'லேப்காரம்மா பையன் கை சரியில்லை' என்பதுதான் டாக்டர்கள் மத்தியில் சுற்றியது. நீ கம்ப்யூட்டர் மில்லிங் கற்றுக்கொள்ளக் கோயமுத்தூர் போகிறேன் என்றாய். நான் தடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நீ போனது வியாபாரத்துக்கு நல்லதாகக் கூடப் பட்டது. குறை உன்னோடு ஊரை விட்டுப் போய்விட்ட மாதிரி டாக்டர்கள் பழையபடி வேலை கொடுத்தார்கள். உன் அறையைத் துடைத்து வைத்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஆண்டவரிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் பல் வேலை தருகிறவர் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வந்தாள், கோயமுத்தூர் லேபில் உன்னோடு வேலை பார்க்கிறவள், நீ கட்டப்போகிறவள். அவள் அம்மாவும் உன் அப்பாவும் முன்னறையில், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக அடுப்படிக்கு வந்து, நான் கொடுத்த முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, நாங்க ரெண்டு பேரும் சேந்து கம்ப்யூட்டர் மெஷின் போட்டு லேப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். திண்டுக்கல்லயே போடுவோம்னு நான் சொல்றேன். அவர் ஈரோடுங்கிறார், சேலங்கிறார், இங்க மட்டும் வேணாங்கிறார்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'அங்க என் கைய யாரும் நம்ப மாட்டாங்க'ங்கிறார். அது கூடப் பரவாயில்ல அத்தை. இப்பவும் ஒவ்வொரு வேலையையும் நாலு தடவ, அஞ்சு தடவ மாடல்ல வச்சு வச்சுப் பாக்குறார். சரியாத்தான் இருக்கும். ஆனா என்கிட்ட நீட்டி, 'உனக்கும் உக்காருதா பாரு'ங்கிறார். லேபில எல்லாரும் சிரிக்கிறாங்க. என்ன நடந்துச்சு அத்தை?"

"வெஞ்சனம் அடி பிடிக்குது பாரு" என்று சொல்லி அடுப்பைக் குறைக்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மேலே கேட்கவில்லை. கெட்டிக்காரி. உன்னைப் போல அவளும் பேசாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பு, ஊரார் உன் கையை நம்பவில்லை என்பதுதான் நான் செய்த கெடுதல் என்று மூன்று வருடம் நினைத்திருந்தேன். அது ஊரோடு போகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் கையை நீயே நம்பாமல் போனாய் என்பது ஸ்டெல்லா சொல்லித்தான் தெரிந்தது. நன்றாகக் கேட்டுக்கொள்: அன்று காலை உன் விரலுக்குத் தெரிந்ததுதான் உண்மை. அது தூக்கத்தான் செய்தது. உன் விரல் பொய் சொல்லவில்லை, உன் அம்மா மாடலைச் சுரண்டிவிட்டாள். இனி ஒரு வேலையை ஒரு தடவை வைத்துப் பார், இரண்டாவது தடவை வேண்டுமானால் பார். மூன்றாவது தடவை கை போனால் என்னைத் திட்டிவிட்டு எடுத்து வை.

அந்த நாற்பதில் மிச்சமிருந்த டிஸ்க்குகளைப் பீரோவில் இருந்து எடுத்து, சுத்தியலால் உடைத்துக் குப்பை வண்டியில் போட்டேன். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டு முடித்தார். பிறகு, "முதல்ல டாக்டர்கிட்ட போ. அப்புறம் பையனுக்கு எழுது. எழுதிட்டு என்கிட்ட காட்டாத, திருத்திருவேன்" என்றார்.

நேற்று நான் போனபோது டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"மூணு வருசமா அந்தத் தம்பியத்தானுங்களே நான் நாலு பேர்கிட்ட குறை சொல்லிட்டிருக்கேன்" என்றார். "என்னையும் பொய் சொல்ல வச்சுட்டீங்களே அக்கா."

"ஆமா டாக்டர்."

"அந்தப் பதினொண்ணுல மூணு கேப்பு என்கிட்ட வந்தது. அதுல ரெண்டு விரிசல் விட்டுருச்சு, தெரியுமுங்களா? நான் உள்ள தேச்சதாலதான்னு நெனச்சு, என் கைக்காசுல மாத்திக் குடுத்தேன்."

எனக்கு அது தெரியாது. தெரிந்ததும் என் வாய் பழக்கத்தில், ஒன்றுக்கு நான் பாதி தருகிறேன் என்று ஆரம்பிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டுக்கும் முழுசா நான் தாரேன். மிச்சம் ஒம்பதுல எது எப்ப உடைஞ்சாலும், எந்த டாக்டர்கிட்ட உடைஞ்சாலும், என் செலவுல புதுசு. இப்ப என் பையனப் பத்திப் பேசணும் டாக்டர். அவனும் அவன் கட்டிக்கப்போற பொண்ணும் சேந்து லேப் போடப் போறாங்க. அவன் இங்க வரணும்."

"தம்பி கேட்டுச்சா?"

"இல்ல. நான் கேக்குறேன்."

அவர் கையைக் கழுவினார், துடைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்றுக்கும் பேரம் பேசவில்லை. முப்பது வருடம் முடியப்போகிறது உன் அப்பாவைக் கட்டி, அவர் கூட நம்பமாட்டார்.

பேசி முடித்தது இதுதான். நீங்கள் திண்டுக்கல்லில் லேப் போட்டால், முதல் மூன்று மாதம் டாக்டரம்மா தன் ஜிர்கோனியா வேலை முழுவதையும் உங்களுக்கே தருவார், பிரிட்ஜ் உட்பட. ஒவ்வொரு வேலையோடும் டிஸ்க்கின் எண்ணை எழுதி அனுப்பவேண்டும். உட்காராமல் திரும்பி வந்தால், யார் தப்பு என்று பேசாமல், நான்கு நாளில் வேறு. பழைய லேபை நான் இந்த வருடத்தோடு மூடுகிறேன். உங்கள் லேபில் எனக்குப் பங்கும் கிடையாது, மேசையும் கிடையாது. வேலை விஷயமாக டாக்டரம்மா உன்னிடமோ ஸ்டெல்லாவிடமோதான் பேசுவார், என்னிடம் பேசமாட்டார். இது அவர் போட்டது, நான் சரி என்றேன். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் வரை அவர் வார்த்தை நிற்கும். வருவதும் வராததும் உங்கள் இருவர் முடிவு. விலை, அவர் சொன்னபடியே, பல் ஒன்றுக்கு இரண்டாயிரத்து அறுநூறு.